பத்தியமும் இரண்டு ஸ்கேன் படங்களும்

இரண்டாயிரமாவது ஆண்டு பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருக்கும். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் வழியில் உள்ள எங்கள் கிராமத்தில் அப்போது நான் அங்கன்வாடி டீச்சர். மாதம் ஒருமுறை குழந்தைகளைத் தொங்கு தராசில் உட்காரவைத்து, எடை பார்த்து, அட்டையில் புள்ளி வைப்பேன். எந்தக் குழந்தை தேறுகிறது, எது இளைக்கிறது என்று ஊருக்கே சொல்கிறவள். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்சம் உண்டு, மறைப்பானேன்.

என் கணவர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர். ஆள் வாட்டசாட்டம், வயிறும் கொஞ்சம் முன்னால் நிற்கும். அந்த வருடம் ஆடி மாதம் அவருக்குக் கண் மஞ்சளானது. எங்கள் பக்கம் கண் மஞ்சளானால் யாரும் முதலில் ஆஸ்பத்திரியை நினைப்பதில்லை. மூன்று நாள் காலையில் வெறும் வயிற்றில் பச்சிலை மருந்து, பிறகு பத்தியம். எண்ணெய், மீன், கறி, முட்டை, பருப்பு எதையும் கண்ணில் காட்டக் கூடாது. உப்பில்லாத மோர்ச் சோறு, இளநீர், அவ்வளவுதான். ஆளைக் கட்டிலை விட்டு இறங்க விடவும் கூடாது.

நான் எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. தெருவில் மற்றவர்கள் இரண்டு வாரத்தில் விட்டுவிடும் பத்தியத்தை நான் ஏழு வாரம் பிடித்தேன். அவருடைய அக்கா ஆசையாகக் கெண்டை மீன் குழம்பு கொண்டுவந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். "எண்ணெ பட்டா ஆளு போயிடும்" என்று அவரையும் மிரட்டி வைத்திருந்தேன். பத்தியம் என்றால் டீச்சர் வீட்டுப் பத்தியம் என்று நாலு பேர் பேசினார்கள். காதில் விழும்போது மனசு குளிர்ந்துதான் போனது.

வாரம் ஒருமுறை மட்டும் கட்டிலிலிருந்து இறக்கி, கைத்தாங்கலாக ரைஸ்மில்லுக்குக் கூட்டிப்போய், நெல் மூட்டை நிறுக்கும் தராசில் அவரை ஏற்றி எடை பார்ப்பேன். ஏழு வாரத்தில் ஆறு கிலோதான் குறைந்தது. வயிறு அப்படியே இருந்தது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று நானே எனக்குச் சான்றிதழ் கொடுத்துக்கொண்டேன்.

ஆனால் கண் மஞ்சள் போகவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு எடுத்தது. காஞ்சிபுரத்தில் காட்டினோம். ஸ்கேன் எடுத்தார்கள், உடனே சென்னைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டிவைத்து எங்களை உட்காரச் சொன்னார். கணையத்தில் புற்றுநோய்க் கட்டி, அதுதான் பித்தக் குழாயை அடைத்து மஞ்சள் காமாலையைக் கொண்டுவந்திருக்கிறது என்றார். கட்டி இன்னும் வேறு எங்கும் பரவவில்லை, வெட்டி எடுக்க முடியும் என்று அவர் சொன்னதும்தான் மூச்சு வந்தது.

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. படத்தில் முதுகெலும்புக்கு இரண்டு பக்கமும் விரலை வைத்தார்.

"இதுதாம்மா சதை. மூட்டை தூக்கின ஆளுக்கு இது என் மூடின கை அளவு இருக்கணும். எலுமிச்சம்பழம் அளவுதான் இருக்கு. சுத்தி இருக்கறதெல்லாம் கொழுப்பு. அதனாலதான் வெளியே பார்க்க ஆள் நல்லா இருக்கற மாதிரி தெரியுது. இது பெரிய ஆபரேஷன். சதை இல்லாத உடம்பு தாங்காது. என்ன சாப்பாடு குடுத்தீங்க?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், ஏழு வாரம் ஒரு நாள்கூடத் தவறாமல், கட்டிலை விட்டு இறக்காமல் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டு போனேன். பாதியில் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் திட்டவில்லை. நோயும் சதையைத் தின்னும், நீங்கள் மட்டும் காரணமில்லை என்றுதான் சொன்னார். எனக்கு அது போதவில்லை. எடை போடும் டீச்சர், தன் வீட்டு ஆள் உள்ளே கரைந்ததைப் பார்க்கவில்லை.

அடைப்பு நீங்கப் பித்தக் குழாயில் ஒரு சின்னக் குழாய் வைத்து அனுப்பினார்கள். ஐந்து வாரம் அவகாசம். முட்டை, மீன், பருப்பு, பால் எல்லாம் கொடுக்க வேண்டும், செரிப்பதற்கு மாத்திரை உண்டு. தினமும் நடக்கவைக்க வேண்டும், உட்கார்ந்து எழவைக்க வேண்டும். அதற்குள் உடம்பு தேறினால் ஆபரேஷன். தாமதித்தால் கட்டி காத்திருக்காது.

ஊருக்கு வந்ததும் விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன். அவர் தட்டைத் தள்ளிவிட்டார்.

"நீதான சொன்ன, எண்ணெ பட்டா போயிடுவன்னு. இப்ப இன்னா, சீக்கிரம் அனுப்பலாம்னு கீறியா?"

வாசனை பிடித்து வந்த அவருடைய அக்கா தெருவில் நின்றே சத்தம் போட்டார். "காமாலக்காரனுக்கு மீனு வெச்சிக்கினு குந்திக்கினு கீறா பாரு. எந் தம்பிய இன்னா பண்ணப் பாக்கற நீ?" என்றதும் அடிபம்பில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் குடத்தை வைத்துவிட்டு வந்தார்கள். அத்தனை பேரும் என் பத்தியத்தைப் புகழ்ந்தவர்கள்தான்.

அவர்கள் முன்னால் நின்று, நான் போட்ட பத்தியம் தப்பு, என் பத்தியம் இவர் சதையைத் தின்றிருக்கிறது என்று சொன்னேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு நான் எதையும் சொன்னதில்லை. அக்காதான் முதலில் உள்ளே வந்து, மீனில் முள் எடுத்து, "துன்னு நைனா, டீச்சரே தப்புன்னு ஒத்துக்கினா அது மெய்யாத்தான் இருக்கும்" என்று தம்பிக்கு ஊட்டிவிட்டார். அன்று அவர் நாலு வாய் சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து அவரை என்னுடன் அங்கன்வாடிக்கு நடத்திக் கூட்டிப்போனேன். வீட்டில் விட்டால் படுத்துவிடுவார் என்று தெரியும். வீட்டுக் கோழி போட்ட முட்டையை வீட்டிலேயே அவித்து, ஊர் பார்க்கட்டும் என்று தூக்குவாளியில் எடுத்துப் போவேன். அங்கன்வாடிக் குழந்தைகளின் முட்டையை வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறாள் என்று ஒருவர் வாயிலும் நான் விழக் கூடாது அல்லவா.

அங்கே குழந்தைகளுக்குத் தினமும் உட்கார்ந்து எழும் விளையாட்டு உண்டு. அவரையும் அதில் சேர்த்தேன். தரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழ வேண்டும். நெல் மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு லாரிக்குப் போட்ட பலகையில் ஓடியவருக்கு முதல் நாள் ஒன்றுகூட முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், "பசங்க முன்னாடி மானத்த வாங்கற" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான். ஆனாலும் விடவில்லை.

நாலாம் நாள் ஒன்று எழுந்தார். குழந்தைகள் கோரஸாக "ஒண்ணு" என்று கத்தின. இரண்டாம் வாரம் ஐந்து. பத்துக்கு மேல் எங்கள் குழந்தைகளுக்கு எண்ணத் தெரியாது. அவர் பதினொன்று எழுந்த நாளில் அவை மறுபடி "ஒண்ணு" என்று ஆரம்பித்தன. அவர் வாய்விட்டுச் சிரித்ததை ஆடிக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

ஐந்து வாரம் கழித்துச் சென்னையில் மறுபடி ஸ்கேன். டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டினார். பழைய அளவுக்கு வந்துவிடவில்லை. ஆனால் எலுமிச்சம்பழம் கொஞ்சம் பெருத்திருந்தது, எனக்கே தெரிந்தது. கட்டி பரவவும் இல்லை. டாக்டர் பக்கத்தில் இருந்த இளம் டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, வீட்டில் யார் பார்த்துக்கொண்டது என்று கேட்டார்.

என் கணவர் என்னைக் காட்டினார். "எங்க வூட்டு டீச்சருதான் சார். அந்தப் படமும் இவ பண்ணதுதான், இந்தப் படமும் இவ பண்ணதுதான்."

டாக்டர் சிரித்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுதேனா சிரித்தேனா என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை.

ஆபரேஷன் ஒரு பகல் முழுக்க நடந்தது. மூன்றாம் நாள் அவர் நடந்தார். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். கட்டி சீக்கிரம் தெரிந்தது, டாக்டரின் கை நல்ல கை, எங்கள் அதிர்ஷ்டம் எல்லாம் அதில் உண்டு. நோய் திரும்பி வந்து அவர் போன பிறகும் அந்த ஆறு வருடத்தை யாரும் எங்களிடமிருந்து எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஓய்வு பெறும்வரை குழந்தைகளைத் தராசில் ஏற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் கையையும் தொடையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் புள்ளி வைத்தேன். இரண்டு ஸ்கேன் படங்களும் பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் இருக்கின்றன. எப்போதாவது எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், என் தப்பும் அதை நான் திருத்தியதும் சேர்ந்தே தெரிகின்றன. இரண்டில் ஒன்றைத் தூக்கிப் போடச் சொன்னால் என்னால் முடியாது, இரண்டுமே என் கைவேலைதான்.