ஓம் என்று சொன்னது யார்?

அப்பாவுக்கு எழுத்துக் கூட்ட வராது. கைபேசியைத் தொட்டுக் கிணற்று மோட்டரைப் போடச் சொன்னால் யாரையாவது துணைக்குக் கூப்பிடுவார். அதனால்தான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு சிறிய நிறுவனம் பேசும் பெட்டி செய்கிறது என்று அறிந்ததும் அங்கே வேலை கேட்டுப் போனேன். மண்ணில் ஈரம் குறைந்தால் பெட்டி தானாகவே, "மோட்டரைப் போடவா?" என்று கேட்கும். வாயால் பதில் சொன்னால் போதும். அந்தக் குரல் இணையத்தில் போய்த் திரும்பி வந்து மோட்டரை ஓடவைக்கும். பெட்டிகளைச் சோதிப்பது என் பொறுப்பு.

சேர்ந்த வாரமே ஒரு குறை பிடித்தேன். பெட்டிக்கு 'ஆமாம்' மட்டும்தான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் எந்தத் தோட்டக்காரன் ஆமாம் என்கிறான்? 'ஓம்' என்றுதானே சொல்வான்! பெட்டிக்கு நிரல் எழுதும் அக்காவிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே 'ஓம்' என்பதையும் சேர்த்துக் கொடுத்தார். பெருமையோடு ஒரு பெட்டியைக் கொண்டுபோய் எங்கள் ஊரான பண்டத்தரிப்பில் கிணற்றடிக் கொட்டிலில் பொருத்தினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடியற்காலை அப்பா குனிந்து மோட்டரில் பைப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது மோட்டர் தானாக ஓடத் தொடங்கிவிட்டது. பைப் துள்ளி அவருடைய தாடையில் அடித்தது.

அலுவலகத்தில் பதிவை எடுத்துப் பார்த்தோம்; அதில் எழுத்து மட்டும்தான், குரல் இருக்காது. பெட்டி கேட்டிருந்தது, 'ஓம்' என்று பதிலும் வந்திருந்தது.

"உன்ரை அப்பாதான் சொல்லிப்போட்டு மறந்திருப்பார் தம்பி," என்றார் அக்கா.

வீட்டுக்கு வந்து கேட்டால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வாயே திறக்கேல்லை. விடியப்புறம் ஆரோடை கதைக்கிறது, கிணத்தோடையோ?"

நான் அப்பாவை நம்பினேன். தோட்டக்காரர்களுக்கு அனுப்பத் தயாராக இருந்த பெட்டிகளை அனுப்பவேண்டாம் என்று அக்காவிடம் மன்றாடினேன்.

"வாற வெள்ளி பத்து மணிக்கு வாகனம் வருகுது," என்றார். "அதுக்கு முதல் என்ரை கண்ணுக்கு முன்னாலை அதைத் திருப்பிச் செய்து காட்டு. இல்லாட்டிப் பெட்டியள் போகும்."

போனால் இன்னும் எத்தனையோ கிணற்றடியில் யாரோ ஒருவருடைய கை பைப்பில் இருக்கும்.

சனி, ஞாயிறு, திங்கள் என்று ஒவ்வொரு விடியலும் கொட்டிலில் நின்றேன். பெட்டி கேட்கும் ஒவ்வொரு தரமும் இருமிப் பார்த்தேன். வாளியைப் போட்டுச் சத்தம் எழுப்பினேன். பெட்டி அசையவில்லை. வேலிக்கு அப்பால் நின்று மெதுவாக "ஓம்" என்றேன், பிறகு உரத்து "ஓம்" என்றேன். உரத்துச் சொன்னதற்கு ஓடியது, ஆனால் சொன்னது நான்தானே! அப்பா வெங்காயப் பாத்தியில் நின்று சிரித்தார்.

"ஆரும் பாத்தால் உனக்குப் பேய் பிடிச்சிட்டுது எண்டு நினைக்கப்போகினம்."

வியாழன் மாலை கடைசி முயற்சியாக அப்பாவை இருத்தி, அந்த வெள்ளிக்கிழமை நடந்ததையெல்லாம் ஒன்றும் விடாமல் கேட்டு எழுதினேன். எங்கே நின்றார், காற்று எந்தப் பக்கம், என்ன சத்தம் கேட்டது.

"என்ன சத்தம்? ஒண்டும் இல்லை. கோயில் ஸ்பீக்கர்தான்."

என் பேனை நின்றது. பக்கத்துப் பிள்ளையார் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விடிய ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்கள். பிறந்த நாள் முதல் கேட்டுவருவதால் எங்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு சத்தமாகவே படவில்லை.

மறுநாள் விடிய மோட்டரின் வயரைக் கழற்றிவிட்டு ஒரு பல்பை மாட்டினேன். ஈரம் பார்க்கும் கம்பியைக் காய்ந்த மண்ணில் குத்தினேன். அக்காவை வீடியோவில் அழைத்தேன். நித்திரைக் கலக்கத்தோடு வந்தார். பெட்டி கேட்டது: "மோட்டரைப் போடவா?"

கோயிலிலிருந்து கணீரென்று வந்தது, "ஓம்…"

பல்பு எரிந்தது.

"இன்னொருக்கா காட்டு," என்றார் அக்கா. காட்டினேன். மறுபடியும் எரிந்தது. நான் பாத்தியை மிதித்துவிடாமல் வரப்பிலேயே துள்ளினேன்.

அப்பா கைபேசியைப் பறித்தார். "பிள்ளை, இப்ப சொல்லும், ஆர் சொன்னது?"

"பிள்ளையார்தான் ஐயா. நான் வாகனத்தை வரவேண்டாமெண்டு சொல்லுறன்."

அந்த 'ஓம்' நான் கேட்டு வாங்கியது. மனிதன் சொன்னால் விளங்குகிறதா என்று நூறு தரம் சோதித்த நான், வேறு எதற்கெல்லாம் அது வாய்மூடி இருக்கவேண்டும் என்று ஒருதரம்கூடச் சோதிக்கவில்லை. அன்று முதல் என் சோதனைத் தாளில் அதற்கென்று தனிப் பக்கம் ஒன்று உண்டு. கோயில் ஸ்பீக்கர், ரொட்டி விற்கும் பாண்காரரின் ஓட்டோப் பாட்டு, வேலிக்கு மேலால் நடக்கும் சண்டை எல்லாம் அதில் அடக்கம்.

அக்கா நிரலைத் திருத்தினார். இனி 'ஓம், போடு' என்று இரண்டு சொல்லும் சேர்ந்து வந்தால்தான் மோட்டர் ஓடும். இரண்டு வெள்ளி கழித்து, அனுப்பவிருந்த பெட்டிகளில் பத்தை உருவி எடுத்து, கொட்டிலில் வரிசையாகப் பல்புகளோடு மாட்டினேன். பத்தும் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன. கோயில் முழங்கியது. ஒரு பல்புகூட எரியவில்லை. பாட்டு முடியுமட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்; எரியவேயில்லை. பிறகு அப்பா முன்னால் வந்து, தொண்டையைச் செருமி, "ஓம், போடு!" என்று அதட்டினார். பத்தும் பளிச்சென்று எரிந்தன.

அக்காவுக்கு அழைத்துச் சொன்னேன். வாகனம் அலுவலக வாசலில் நிற்கிறது என்றார்.

"அப்ப ஏத்தலாமோ தம்பி?"

"ஏத்துங்கோ அக்கா," என்றேன்.