அவள் காலடித் தகடு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூட்டை தூக்கிக் காய்த்துப்போன தோளோடு தவளக்குப்பம் சந்திப்பில் ஆணி, கயிறு, பெயிண்ட் விற்கிற கடை போட்டேன். மணப்பட்டுக்குப் போகிற வழியில், ஊரே வேண்டாம் என்று ஒதுக்கிய மேட்டை வாங்கி மாடி வீடு கட்டினேன். சொட்டுத் தண்ணீர்கூட வராது என்ற இடத்தில் போர் போட்டு, சொன்னவர்கள் கண் முன்னாலேயே தண்ணீரைப் பீறிட வைத்தேன். பங்காளி ஒருத்தன் ஒரு செங்கல் எடுத்துக் கொடுத்ததில்லை. மகனை இன்ஜினியர் ஆக்கினேன். எங்கள் வகையறாவில் முதல் கார் என் வாசலில்தான் நின்றது. இதையெல்லாம் ஊர் ஒத்துக்கொள்கிறது. அந்தக் காருக்குள் குனிந்து நான் செய்த வேலையைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போனது. ரத்தத்தைச் சுத்தம் செய்ய வாரம் இரண்டு முறை புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். திரும்பும்போது அவளுக்கு வாந்தி வரும். ஒரு நாள் எங்கள் காரில் பேட்டரி இறங்கிவிட்டதால் வாடகைக் காரில் கூட்டிப்போனேன். வரும்போது கடலூர் சாலை நெரிசலில் பாதி பையிலும் பாதி சீட்டிலுமாக எடுத்துவிட்டாள். ஓட்டுநர் எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிட்டார். அவள் கூனிக் குறுக அதுவே போதுமாக இருந்தது.

“இனிமே அடுத்தவன் வண்டியில ஏறமாட்டேன். நம்ம வண்டின்னா வரேன். இல்லாட்டி வுடுங்க, இங்கயே கெடந்துட்டுப் போறேன்.”

அவள் சொன்னால் சொன்னதுதான். ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

அடுத்த முறை எங்கள் காரில் ஏறும்போது, அவள் கால் வைத்த இடம் உள்ளே அமுங்கியது.

“இன்னாங்க, காலு கீழ போவுது!”

மிதியடியைத் தூக்கி, அதன் அடியிலிருந்த விரிப்பையும் கிழித்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. அதன் வழியாக என் வீட்டு வாசல் தரை தெரிந்தது. அன்றைக்கு ஓட்டையின் மேல் பலகை ஒன்றைப் போட்டு அவளைக் கூட்டிப்போய் வந்தேன். மகன் போனில், “எடைக்குப் போட்டுடுப்பா, டாக்ஸி புக் பண்ணித் தரேன்” என்றான். “அத உங்கம்மாகிட்ட நீயே சொல்லு” என்றேன். அவனுக்கும் தைரியம் இல்லை.

கார் தகடு வேலை செய்கிற டிங்கரை வீட்டுக்கு வரவழைத்தேன். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினான். தரைத் தகடு அப்பளமாக உதிர்ந்தது.

“பெரியவரே, ஓட்டை பெரிய விசயமில்ல. சுத்தி இருக்கற தகட்டுல பூரா துரு. துரு மேல வெல்டிங் நிக்காது. நீங்க துருவ எடுத்துட்டுக் கூப்புடுங்க, நான் ஷீட்டு வெச்சுத் தரேன்.”

“நீயே எடேம்பா.”

“எனக்கு ஏது அவ்ளோ பொறுமை? ஊருக்கெல்லாம் எமரி ஷீட்டு வித்தீங்களே, ஒரு வாட்டி தேச்சும்தான் பாருங்களேன்.”

என்னிடம் அப்படிப் பேசிவிட்டுத் தப்பியவர்கள் குறைவு. அடுத்த ஆஸ்பத்திரி நாளுக்குள் முடித்தாகவேண்டும் என்று அவன் போன கையோடு சீட்டைக் கழற்றினேன். முதலில் கம்பி பிரஷ், பிறகு முரட்டு எமரித் தாள், அப்புறம் நைஸ் எமரி. பெயிண்ட் தின்னரில் நனைத்த வெள்ளைத் துணியால் துடைத்தால் செம்மண்ணாக வரும். மறுபடி தேய்ப்பேன். துணி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை விடுவதில்லை என்று வைராக்கியம். காருக்குள் நிமிர முடியாது, மடிந்தே கிடக்கவேண்டும். மூக்கைச் சிந்தினால் துருச் சிவப்பு. இந்த வயதில் வேறு எவனாவது செய்திருப்பானா?

அவள் முருங்கை மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“புளி போட்டுத் தேயுங்க, குத்துவிளக்கு மாதிரி பளிச்சுனு ஆயிடும்.”

“இது இன்னா உங்கப்பன் வூட்டு சீர்வரிசையா? இரும்புடி.”

சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் தணிந்த குரலில், “மேல எல்லாம் நல்லாத்தான இருக்குது. நான் கழுவித்தான உள்ள மட்டும் இப்பிடி ஆச்சு?” என்றாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல், மஞ்சள் குங்குமம் வைப்பதற்கு முன்னால், வீட்டைக் கழுவுவது போலவே காருக்குள்ளும் பக்கெட் பக்கெட்டாக ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவாள். எல்லாம் எங்கள் போர் தண்ணீர். சில வருஷங்களாக அது உப்புக் கரிக்கிறது. அந்த உப்புத் தண்ணீர் விரிப்புக்கு அடியில் தங்கித் தகட்டைத் தின்றிருக்கிறது.

“சும்மா இருடி. கடல் தண்ணி நிலத்துக்கு அடியில ஏறி வந்தா அதுக்கு நீ இன்னா பண்ணுவ? நான் போர் போட்டப்ப தண்ணி எளநி மாதிரி இருந்துச்சு.”

“எளநியா? மொத நாளே கரிச்சுது.”

“உன் நாக்குல கோளாறு.”

அப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. எடுக்க நான் விடவும் இல்லை.

துணி வெள்ளையாக வந்தது. டிங்கர் வந்து சுத்தியலால் தட்டிப் பார்த்தான். எங்கும் அமுங்கவில்லை. ஷீட்டை வைத்து வெல்டிங் அடித்துவிட்டுப் போனான். அதன் மேல், மறுபடி துரு ஏறாமல் இருக்க ரெட் ஆக்சைடும் கறுப்புப் பெயிண்டும் நானே பூசினேன். காய்ந்த பிறகு அவள் ஏறி, இரண்டு காலாலும் ஓங்கி மிதித்துப் பார்த்தாள்.

“கல்லாட்டம் இருக்குது” என்றாள்.

அதன் பிறகு ஒரு முறைகூட அவள் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று சொன்னதில்லை. எங்கள் வண்டிக்குள், யார் முகத்தையும் பார்க்கவேண்டிய சங்கடமில்லாமல் வாந்தி எடுத்தாள். நான் விலைக்கு வாங்கிய கேன் தண்ணீரில் துடைத்தேன். போன மழைக்காலத்தில் போய்விட்டாள்.

காரியத்துக்கு வந்த சொந்தங்களிடம் மகன் சொன்னான்: “அம்மாவுக்கு ஒரு கொறையும் வெக்கல. டாக்டருங்க நல்லா பாத்தாங்க. டிங்கர்காரரு வண்டியப் புதுசாட்டம் பண்ணிக் குடுத்தாரு. அப்பா ஓட்டினாரு.”

பந்தியில் உட்கார்ந்திருந்த டிங்கரும் தலையை ஆட்டிக்கொண்டான்.

ஓட்டினேன்தான். வண்டி ஓட்ட யாருக்கும் வரும். டிங்கர் வைத்தது கையகலத் தகடு. அது பிடித்து நிற்பதற்குச் சுற்றிலும் இரும்பை மீட்டெடுத்தவன் நான். பெயிண்டுக்கு அடியில் கிடப்பதால் அந்த வேலை நடக்கவில்லை என்று ஆகிவிடுமா? அவள் கடைசி வரைக்கும் கால் ஊன்றிப் போய் வந்தது நான் தேய்த்த தகட்டின் மேல்தான். வருஷ திதிக்கு எல்லோரும் மறுபடி வருவார்கள். அன்றைக்கு என் மகன் எழுந்து நின்று, துருவை எடுத்தது அப்பாதான் என்று, டிங்கரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியாகவேண்டும்.