நாலு மணித் தேத்தண்ணி

நிக்கொட்டினைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. கண்டியில் மருத்துவ மாணவர்களுக்கு மருந்தியல் படிப்பித்தேன். மூளையில் நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுபோகும் அசற்றைல்கோலினுக்கென்று இருக்கும் வாங்கிகளைக் கரும்பலகையில் ஒரே மூச்சில் வரைவேன். ஐந்து துண்டுகள், நடுவில் ஒரு வாசல். அசற்றைல்கோலின் வந்து தொட்டால் வாசல் திறக்கும், கவனம் கூடும், படித்தது பதியும். நிக்கொட்டினோ கூப்பிடாமல் வந்து அதே இடத்தில் குந்திக்கொள்ளும், லேசில் எழும்பாது. வாங்கிகள் மரத்துப்போகும், மூளை இன்னும் வாங்கிகளை உண்டாக்கும். புகை நின்றால் அத்தனையும் வாயைப் பிளந்துகொண்டு காத்திருக்கும். இதைச் சொல்லும்போது புகைக்கிற மாணவர்கள் தலையைக் குனிவார்கள். எனக்கு அது பிடிக்கும்.

வீட்டில் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை. கணவர் யாழ்ப்பாணத்தார், கந்தோர் உத்தியோகம், நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட். நெஞ்சு பழுதாகிறது, உடனே விடுங்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மற்ற விஷயங்களில் சரியான பயந்தாங்கொள்ளி. பஸ்ஸில் தமிழ் பேச மாட்டார். அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கிறதா என்று பத்துத் தரம் தடவிப் பார்ப்பார்.

தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. டவுனில் தமிழ்க் கடைகள் எரிந்த புகை மஹய்யாவவில் எங்கள் முற்றம் வரை மணத்தது. ஊரடங்குச் சட்டம் போட்டார்கள். ஊரே உயிருக்குப் பயந்து கிடக்க, நான் என்ன யோசித்தேன் தெரியுமா? கடைகள் பூட்டு, தெருவில் ஆமி, இந்த மனுஷன் வாசலைத் தாண்ட மாட்டார், சிகரெட்டை விடவைக்க இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று. என்ன திமிர் பாருங்கள். வீட்டிலிருந்த பெட்டிகளையெல்லாம் தண்ணீர் வாளியில் போட்டு ஊறவைத்தேன். முதல் மூன்று நாள்தான் கஷ்டம், பிறகு வாங்கிகள் மெல்ல அடங்கும் என்று அவருக்கும் ஒரு வகுப்பு எடுத்தேன். அவர் "ஓம்" என்றார். உம்மைக் கேட்காமல் இனித் தொடமாட்டேன் என்று சத்தியமும் பண்ணினார்.

முதல் நாள் எரிந்து விழுந்தார், அவ்வளவுதான். இரண்டாம் நாள் நாலு மணிக்கு வழக்கம்போலப் பால் இல்லாத தேத்தண்ணி ஊற்றி, கித்துள் கருப்பட்டித் துண்டோடு பின்கதவடிக் கதிரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உள்ளே துணி மடித்து வைத்துவிட்டு வந்து பார்த்தால் கோப்பை காலி, கதிரையும் காலி, கதவு திறந்து கிடக்கிறது.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. பத்து வருடமாக அந்தக் கதிரையில், அந்தத் தேத்தண்ணியோடுதான் அவர் சிகரெட் குடித்தார். நேரமும் இடமும் வாசனையும் புகையோடு சேர்ந்தே மூளையில் பதியும், கோப்பையைக் கண்டாலே உள்ளே ஆசை கிளம்பும் என்று படிப்பித்தவளும் நான்தான். சிகரெட்டைப் பறித்துவிட்டு, தேத்தண்ணியை என் கையாலேயே கொடுத்திருக்கிறேன்!

பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் சிங்களக் கடை முதலாளி ஒருவர் பின்கதவால் சாமான் கொடுக்கிறார் என்று காலையில் பக்கத்து வீட்டில் பேச்சு. அங்கேதான் போயிருப்பார். ஆமி டிரக் ஒன்று ரோட்டில் வந்து நின்ற சத்தம் கேட்டது. வெளியே போய்க் கூப்பிடவும் வழியில்லை. தமிழில்தானே கூப்பிட வேண்டும்.

ஒரு மணித்தியாலம் கழித்து வேலியால் ஏறி வந்தார், சேர்ட்டெல்லாம் வியர்வை. டிரக் போகும்வரை முதலாளி அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாராம்.

"புத்தி கெட்டுப்போச்சா உங்களுக்கு?" என்றேன்.

"பயமாத்தான் கிடந்தது. எண்டாலும் கால் நிக்கேல்லை."

பிறகு கையை விரித்தார். வளைந்துபோன ஒற்றைச் சிகரெட்.

"இன்னும் பத்தேல்லை. உம்மட்டைக் கேட்டிட்டுப் பத்துவம் எண்டு கொண்டுவந்தனான்."

அவர் பிறகு விட்டார்தான். நாலு மணித் தேத்தண்ணியை நிறுத்தி, கதிரையை முன்னறைக்கு மாற்றி, மல்லித்தண்ணி கொடுத்துப் பழக்கி, ஒரு வருடம் பிடித்தது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அன்றைக்கு, நிக்கொட்டின் படிப்பிக்கிற நான், சாமி விளக்கடியில் இருந்த தீப்பெட்டியை எடுத்துவந்தேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது குச்சியில் நானே பற்றவைத்துக் கொடுத்தேன்.