சிவப்பு நூல் தைத்த துவாய்

மச்சாள் குளித்துத் துடைக்கும் துவாயின் ஓரத்தில் சிவப்பு நூலால் அடையாளம் தைத்தவள் நான்தான். வேறு யாரும் அதைத் தவறி எடுத்துவிடக்கூடாது என்பதற்காக. மச்சாள் என் கணவரின் தங்கை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து, உடையார்கட்டில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பல குடும்பங்களோடு நாங்களும் பாய் விரித்திருந்த காலம். சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காது. மண்டபம் முழுக்கச் சிரங்கு. என் மகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

மச்சாளின் மேற்கைகளில் பொடிப்பொடியாக வேர்க்குரு போன்ற குருக்கள் சொரசொரத்தன. ஊரிலும் இருந்திருக்கும், முழுக்கைச் சட்டை போடுகிறவளை யார் கவனித்தார்கள்? கிணற்றடியில் கண்டதும் சிரங்குதான் என்று முடிவுகட்டினேன். "பிள்ளையைத் தொடாதேயும் மச்சாள், குறை நினையாதேயும்" என்றேன். "ஓம் மச்சாள்" என்றாள், அவ்வளவுதான். அதுவரை குழந்தையைக் குளிப்பாட்டுவதும் நித்திரையாக்குவதும் அவள்தான். அன்றே பாயைத் தூணோரமாக இழுத்துக்கொண்டு போனாள். மற்றவர்களுக்கு ஒட்டிவிடாதிருக்க அவள் துவாயில் நான் நூல் தைத்ததும் அன்றுதான். சிரங்குக்குக் கொடுக்கிற வெள்ளை மருந்தை எரிய எரியப் பூசினாள். காய்ந்த பீர்க்கங்காய்த் தும்பால் இரத்தம் கசியத் தேய்த்தாள். பிள்ளையைத் தூக்கலாமோ என்று வாய்திறந்து கேட்டதில்லை. கைகளை மட்டும் நீட்டிக் காட்டுவாள். நான் பார்த்துவிட்டுத் தலையாட்டி மறுப்பேன். எவ்வளவு கல்நெஞ்சு எனக்கு!

மூன்று மாதம் கழித்து முகாமுக்கு வந்த டொக்டர் அந்தக் கையைத் தடவிப் பார்த்தார். "ஆர் சொன்னது சிரங்கெண்டு? இது ஒட்டாது. பரம்பரையா வாற தோல். உரஞ்சாதேயும் பிள்ளை. குளிச்ச ஈரத்தோடை தேங்காயெண்ணெய் பூசும், மெதுவாகும். முழுக்கப் போகாது."

ஓடிப்போய்க் குழந்தையை அவள் மடியில் வைத்தேன். அந்த மடியை மறந்திருந்த குழந்தை வீரிட்டு அழுதது. "பரவாயில்லை மச்சாள், நாளைக்குப் பழகீடுவா" என்று திருப்பித் தந்தாள். மறுநாள் அவளுக்குக் காய்ச்சல். மலேரியா. ஒரு கிழமைகூடத் தாங்காமல் செத்துப்போனாள். மன்னிப்பை நல்ல நேரம் பார்த்துக் கேட்கலாம் என்றிருந்த நான் கேட்காமலே நின்றேன்.

இன்று வளர்ந்துவிட்ட என் மகளின் மேற்கைகளில் அதே குருக்கள். மச்சாள் அவளுக்கு மாமி; மாமியிடமிருந்து அவளுக்கு வந்தது அது ஒன்றுதான். அவள் குளித்து வந்ததும், எத்தனை இடப்பெயர்விலும் கைவிடாத அந்தத் துவாயால் ஒற்றி, எண்ணெய் பூசிவிடுவேன். அன்றொருநாள் அவள் ஓரத்தைத் தடவி, "இந்தச் சிவப்பு நூல் என்னத்துக்கம்மா?" என்றாள்.

"உன்ரை மாமியின்ரை எண்டு தெரியத்தான்" என்றேன். அவளுக்கு நான் உண்மையைச் சொல்லவில்லை.