அது கல்லு இல்ல சார், கடை

போன பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை, நண்பர் ஒருவரைப் பார்க்க அடி அண்ணாமலை போயிருந்தேன். கிரிவலப் பாதை ஓரத்தில் ஸ்கூட்டரை நிறுத்தினால் ஸ்டாண்டு மண்ணில் புதைகிறது. பக்கத்தில் கேட்பாரற்று ஒரு செங்கல் கிடந்தது. யோசிக்காமல் எடுத்து ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

"சார், அத்த எடுத்த எடத்துலயே வெச்சுடுங்க. அது கல்லு இல்ல, கடை."

திரும்பினால், கௌரி! பௌர்ணமிதோறும் அங்கே சுக்கு காபி விற்பவர். நான் அவருடைய நிரந்தர வாடிக்கையாளன். போன வருடம் இந்தச் செங்கல் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவரும் இவர்தான். அவரா இப்படிச் சொல்கிறார்?

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். பௌர்ணமிக்கு முந்தின நாளே வியாபாரிகள் அவரவர் இடத்தில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். அதில் பெயர் கிடையாது, முத்திரை கிடையாது. ஆனால் யாரும் தொட மாட்டார்கள். ஒருவர் உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் அவருக்கும் சேர்த்துக் கல் வைப்பார். இந்த ஊரில் பத்திரம் பதிந்த மனைக்குக்கூட அந்த மரியாதை இல்லை! நிறுவனம் என்றதும் நமக்குக் கட்டடம், போர்டு, நாற்காலி என்று ஞாபகம் வருகிறது. நாலு பேர் மதிக்கிற செங்கல்லும் நிறுவனம்தான்.

அருமையான ஏற்பாடு... ஏற்கெனவே கல் வைத்திருப்பவர்களுக்கு. புதிதாக வருபவர் எங்கே போவார்?

கௌரியின் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பொடிந்து வீட்டோடு இருக்கிறார். பௌர்ணமி வியாபாரத்தை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். கெட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தால், எங்கே உட்கார்ந்தாலும் "இங்க ஆள் இருக்குது, தள்ளிப் போ" என்றார்கள். தள்ளித் தள்ளிப் போய், நடக்கிறவர்கள் யாரும் நிற்காத இருட்டு மூலைக்கே வந்துவிட்டார். அதன் பிறகுதான் மனு, முறையீடு எல்லாம்.

அதிகாரிகளும் அசைந்தார்கள். தரையில் பெயின்டால் கட்டம் போட்டு, நம்பர் எழுதி, குலுக்கல் நடத்தினார்கள். 'இதல்லவா சீர்திருத்தம்' என்று இதே பக்கத்தில் நான் சிலிர்த்து எழுதியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். கௌரிக்கு விழுந்தது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்து இடம். எல்லோரும் நின்று இளைப்பாறும் இடம்! காலம் காலமாக அங்கே மசாலாப் பொரி போட்டவர் முருகேசன். அவருக்கு விழுந்தது அந்த இருட்டு மூலை.

அதிகாரிகளின் ஜீப் வளைவு திரும்பியதுதான் தாமதம்... எல்லோரும் சீட்டுகளை மாற்றிக்கொண்டு பழைய இடத்துக்கே போய்விட்டார்கள். கௌரி மட்டும் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். யாரும் சண்டைக்குப் போகவில்லை. பல்புக்கு மட்டும் லைன் கொடுக்கவில்லை. அங்கே எல்லாக் கடைகளுக்கும் ஒரே வீட்டிலிருந்துதான் ஒயர் வரும். அரசாங்கம் இடம் கொடுத்தது. வெளிச்சம் கொடுக்க வேண்டியவர்கள் அக்கம்பக்கத்தார் அல்லவா?

பொழுது சாய்ந்தது. முருகேசனின் வாடிக்கையாளர்கள் பழைய இடத்துக்கே வந்து பொரி எங்கே என்று கேட்டார்கள். கௌரி நினைத்திருந்தால் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். "பொரிக்கார அண்ணா அந்த மூலையில இருக்காரு, போய்ப் பாருங்க" என்று ஒவ்வொருவரையும் அனுப்பிக்கொண்டே இருந்தார். தேடிப் போனவர்கள் எல்லோருமே அங்கே, "காபிக்காரம்மா அனுப்புனாங்க" என்றிருக்கிறார்கள்.

கொஞ்ச நேரத்தில் முருகேசன் தோளில் ஒயர்ச் சுருளும் கையில் பல்புமாக வந்து நின்றார்.

"கொஞ்சம் நகந்து உக்காரு தங்கச்சி. பொரி தின்றவனுக்குக் காரத்துக்குக் காபி வேணும்ல."

இதைக் கௌரி எனக்குச் சொன்னபோது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம்? மழையில் பெயின்ட் போய்விட்டது. அதிகாரி மாற்றலாகிப் போனார். கட்டங்களை யாரும் மறுபடி போடவில்லை, செங்கற்கள் திரும்பி வந்துவிட்டன. என் சீர்திருத்தம் தோற்றது என்று சோர்ந்து போனேன். ஆனால் குழாய்க்குப் பக்கத்தில் முருகேசன் அன்றிலிருந்து இரண்டு கல் வைக்கிறார், தனக்கு ஒன்று, கௌரிக்கு ஒன்று. சட்டம் வந்து போன தடம் அந்த இரண்டாவது கல்தான். அதைத்தான் நான் ஸ்கூட்டருக்கு அண்டக் கொடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்டு எடுத்துக் கொடுத்தேன். அப்போது வேகவைத்த கடலைக் கூடையோடு ஒரு பெண் வந்து, நாளைக்கு அங்கே உட்காரலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இங்க ஆள் இருக்குது, தள்ளிப் போ" என்றார் கௌரி.

சொன்ன வேகத்தில் வாயை மூடிக்கொண்டார். என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன். வேறென்ன செய்வது?

பிறகு குனிந்து தன் கல்லை முருகேசன் கல்லோடு ஒட்டி வைத்தார். ஒரு கடலைக் கூடை வைக்கும் அளவுக்கு இடம் வந்தது.

"நீயும் ஒரு கல்லு கொண்டாந்து வெச்சிடும்மா. இல்லன்னா எவனாவது வண்டிய நிறுத்திடுவான்."

கடலைக்காரப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது. என் ஸ்கூட்டர்தான் பாவம், மண்ணில் சாய்ந்து கிடந்தது!