காதில் விட்ட உள்ளி எண்ணெய்

2011இல், மகளுக்கு நான்கு வயதானபோது, இரண்டு காதிலும் சிறு குழாய் வைத்தார்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி அவளுக்குக் காது கேட்பது குறைந்திருந்தது. பிரெஞ்சில் அந்தக் குழாயை ‘யோயோ’ என்பார்கள். விளையாட்டுச் சாமானின் பெயர் என்பதால் பயமில்லாமல் கையெழுத்துப் போட்டேன்.

பயம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தொடங்கியது. லா சப்பல் மெத்ரோ ரயில் பாலம் எங்கள் யன்னலுக்கு நேரே இருந்தது. அதுவரை ரயிலைத் திரும்பியும் பார்க்காத பிள்ளை, இப்போது ஒவ்வொரு ரயிலுக்கும் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்குக் கீழே போனாள். காதுக்குள் தண்ணீர் படக்கூடாது என்றிருந்தார்கள். தலைக்கு வார்க்காமல் ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

பத்தாம் நாள் வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கணவர் ரெஸ்டோரண்ட் வேலையில், தொலைபேசியை எடுக்கவில்லை. மூன்று பிள்ளை வளர்த்த கீழ்வீட்டு அக்காவிடம் ஓடினேன்.

“உள்ளிப்பூடு போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி, ஆறவிட்டு ரெண்டு துளி விடும் பிள்ளை. குத்து நிண்டிடும்,” என்றார்.

குழாய் வைத்ததை அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர்தானே கூடாது, எண்ணெய் மருந்துதானே என்று நினைத்துவிட்டேன்.

விட்டதும் பிள்ளை வீறிட்டாள். பிறகு இருமி, தொண்டைக்குள் உள்ளி எரிகிறது என்று பிரெஞ்சில் சொன்னாள். காதில் விட்டது குழாய் வழியாகத் தொண்டைக்கு வந்திருக்கிறது. வேறு எங்கெல்லாம் போயிருக்கும்? மூளைக்குமா? அவளைக் காலில் சப்பாத்து இல்லாமலே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

என்ன விட்டீர்கள் என்று டாக்டர் கேட்டார். ஒன்றும் விடவில்லை என்று சொல்ல வாய் வந்தது. எண்ணெய் என்றேன். உள்ளிக்குப் பிரெஞ்சுச் சொல் மறந்துபோனது. என் விரலை அவர் மூக்கருகே நீட்டினேன். அவர் சிரிக்கவில்லை. எண்ணெயை உறிஞ்சி எடுத்தார். மூளைக்குப் போகாது, காதில் கிருமி இருக்கிறது, காது கேட்பதை மூன்று வாரம் கழித்துச் சோதிப்போம் என்றார்.

செய்தி கேட்டு ஏப்ரனைக் கழற்றாமலே ஓடிவந்த கணவரிடம் எல்லாம் சொன்னேன். பிள்ளையைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டார்.

“நீர் தனிய நிண்டு பயந்துபோனீர் என்ன?” என்றார். அப்போதுதான் அழுதேன்.

அந்த மூன்று கிழமையும் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டுப் பார்ப்பேன். உடனே திரும்பாவிட்டால் இன்னொரு முறை, சற்றுச் சத்தமாகக் கூப்பிடுவேன். சில வேளை வேண்டுமென்றே திரும்பமாட்டாள்.

சோதனையில் இரண்டு காதும் நன்றாகக் கேட்பதாகச் சொன்னார்கள். கீழ்வீட்டு அக்கா மருந்து எப்படி என்று விசாரித்தபோது, குத்து நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன்.