முருகன் படத்தின் பின்னால்

என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்த காலத்தில் கப்பல்காரரிடம் பழைய பாட்டு ரெக்கோட்டுகள் வாங்கி வருவார். அமெரிக்கக் கறுப்பு மக்களின் சோல், ஃபங்க் பாட்டுகள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பாட்டில் ஒரு சொல்லும் விளங்காது. உறையில் இருந்த படங்கள் விளங்கின. ஒன்றில், உடைந்த ஜன்னலுக்குள்ளே வெறும் சட்டியைச் சுற்றி ஒரு தாயும் நாலு பிள்ளைகளும். இன்னொன்றில், எட்டு ஆண்கள் சுவரில் கை வைத்து நிற்கிறார்கள், பின்னால் பொல்லோடு பொலிஸ். ஒருவன் மட்டும் கழுத்தைத் திருப்பி எங்களைப் பார்க்கிறான்.

யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை ஜிந்துப்பிட்டியில் எங்கள் ஒழுங்கையிலேயே அது நடந்தது. பொலிஸ் வந்து ஆண்களையெல்லாம் சுவரோடு நிறுத்தி ஏற்றிக்கொண்டு போனார்கள். இவர் மூன்றாம் நாள் வந்தார். நடந்ததைக் கதைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அடுத்த முறை வீட்டுக்குள் செக்கிங் வந்து இந்தப் படங்களைக் கண்டால் என்ன நினைப்பார்களோ என்று எனக்குப் பயம். உறைகளை அடுப்பில் வைத்தேன். சுவரோடு ஆண்கள் நிற்கும் அந்த வரிசைப் படத்தை மட்டும் அவர் கையை விட்டு விடவில்லை. கடைசியில் கோதுமை மாப் பசை காய்ச்சி, அதன்மேல் கலண்டர் முருகனை ஒட்டிச் சுவரில் மாட்டினேன். செக்கிங்குக்கு வந்தவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார்கள்.

வெள்ளவத்தைக்கு வீடு மாறியபோது அந்த முருகன் சுவாமி அறைக்கு வந்தார். தினமும் விளக்கேற்றிக் கும்பிட்டு, பின்னால் இருந்ததை மறந்தே போனேன்.

அவர் மறக்கவில்லை. போன ஐப்பசியில், நெஞ்சில் நீர் கட்டிப் படுக்கையில் இருந்தபோது கூப்பிட்டார்.

"இஞ்சேரும், அந்த முருகனை ஒருக்கா உரிச்சுத் தாரும். திரும்பிப் பாக்கிறவன்ர முகத்தைப் பாக்கோணும்."

கந்தசஷ்டி விரதத்தின் முதல் நாள் அது. சுவாமி படத்தைக் கிழிப்பதா?

"முருகன் கோவிக்கமாட்டார். இவ்வளவு காலமும் ஆளை ஒளிச்சு வைச்சிருந்தவரே அவர்தானே" என்று சிரித்தார். இருமல் வந்தது. அது அடங்கிய பிறகு மெல்லச் சொன்னார்: "அண்டைக்கு நாங்கள் எல்லாரும் சுவரைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனாங்கள். ஒருத்தரும் திரும்பேல்லை. நானும் திரும்பேல்லை."

சூரன்போர் முடிந்து பாறணை பண்ணி விரதம் முடித்த கையோடு உரித்துத் தருகிறேன் என்றேன். ஓம் என்று தலையாட்டினார். பிறகு கேட்கவேயில்லை. கதவடியில் நான் போய்வரும்போதெல்லாம் சுவாமி அறைப் பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

சூரன்போர் அன்று காலை மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்; பின்னேரம் அங்கேயே கண்ணை மூடினார். அன்றைய பூசைக்குப் பறித்து வைத்திருந்த செவ்வரத்தம்பூ வீட்டில் வாடிக் கிடந்தது.

பிறகு முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. சுவாமி அறை பூட்டியே கிடந்தது. அந்தியேட்டிக் கிரியை முடித்து, வீடு கழுவி, முழுகிவிட்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுப் படத்தை இறக்கினேன். இளஞ்சுடுதண்ணீரில் துணி நனைத்து நனைத்து ஒத்தினேன். அரைநாள் ஆனது.

சுவர் வந்தது. கைகள் வந்தன. ஏழு முதுகுகள் அப்படியே இருந்தன. எட்டாமவனின் தோளுக்கு மேலே உறையின் வெறும் மட்டை. நான் அந்த இடத்தில்தான் பசையைக் கூடுதலாகப் பூசியிருக்கிறேன். முகம் முருகன் தாளின் பின்பக்கத்தோடு உரிந்து போய்விட்டது. அதைப் பிரிக்க என்னால் முடியவில்லை.

பின்பக்கத்தில் அந்த முகத்தோடேயே முருகனைக் காயவைத்து, கண்ணாடி போட்டுத் திரும்ப மாட்டியிருக்கிறேன். விளக்கேற்றும்போது இப்போது கண்ணை மூடிக் கும்பிட முடிவதில்லை.